கைகொடுத்தலும் வழியமைத்தலும்

அறம் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் பல பொருள் கண்டனர். ஈதல் அவற்றுள் ஒன்று. இடர் களைதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே எனச் சிலர் எண்ணக்கூடும். பசித்து வந்தவருக்கு ஒரு வேளை உணவளித்தல் ஈதல். அவர் நாளையும் பசியாதிருக்க வகை செய்தல் இடர் களைதல். முன்னதில் கொடுப்பவர் கை மேலும் பெறுபவர் கை கீழுமாக இருக்கும். பின்னதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டும் நல்லவையே. எனினும் இரண்டாவதைச் செய்ய வேண்டிய இடத்தில் முதலாவதை மட்டும் செய்து மனநிறைவு அடைவது அறமாகுமா என்பது நாம் ஆராய வேண்டிய கேள்வி. இக்கேள்வியை ஏட்டளவில் ஆராயாமல், நாமனைவரும் அறிந்த இரயில் நிலையத்தில் வைத்து ஆராய்வோம். பார்வையற்றோரும் உடல் இயக்கக் குறையுடையோரும் இரயிலில் பயணம் செய்வதில் உள்ள இடர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

நம் வாசகர்களுள் பலர் சிதறால் மலைக்கு வந்து வழிபட்டுச் சென்றவர்கள். திருச்சாரணத்துமலை எனக் கல்வெட்டுகள் குறிக்கும் அம்மலை, நாம் வாழும் திருவட்டாற்றுக்கு அண்மையில் உள்ளது. வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து வருவோர் பெரும்பாலும் நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ இரயிலை விட்டு இறங்கி இங்கு வருகின்றனர். திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979-இல் திறக்கப்படும் வரை இம்மாவட்டத்தில் இரயில் என்பதே இல்லை. இன்று நிலை வேறு. 2025 மே 22 அன்று நாடெங்கும் புதுப்பிக்கப்பட்ட 103 நிலையங்கள் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கு உரியவை ஒன்பது. அவற்றுள் குழித்துறையும் ஒன்று, போளூரும் ஒன்று, திருவண்ணாமலையும் ஒன்று. ஆக, நம் மக்கள் புறப்படும் இடத்திலும் வந்து இறங்கும் இடத்திலும் நிலையங்கள் புதுப்பொலிவு பெற்றுள்ளன. இது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இப்பொலிவு யாரைச் சென்று சேர்கிறது எனக் கேட்பதற்கும் இதுவே தக்க தருணம்.

பார்வையற்ற ஒருவர் தனியே பயணம் புறப்படுகிறார் எனக் கொள்வோம். வீட்டிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து நிலைய வாயில், அங்கிருந்து பயணச்சீட்டு வழங்குமிடம், பின்னர் நடைமேடை, நடைமேடையில் தமக்குரிய பெட்டி நிற்குமிடம், பெட்டியின் படி, உள்ளே தமது படுக்கை, இரவில் கழிப்பறை, விடியலில் இறங்கும் ஊர் என ஒன்பது கட்டங்களை அவர் கடந்தாக வேண்டும். எட்டுக் கட்டங்கள் செம்மையாக அமைந்து ஒன்று மட்டும் அமையாது போயினும் அவருடைய பயணம் நிறைவேறாது. இவ்வுண்மையை நாஞ்சில் நாட்டு உழவர் எளிதில் உணர்வர். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையில் நீர் நிறைந்திருப்பதனாலேயே வயல் விளைந்துவிடாது. இடையில் ஓரிடத்தில் கால்வாய்க் கரை உடைந்தால் கடைமடை வயல் காய்ந்துபோகும். கடைமடைக்கு நீர் வந்ததா என்பதைக் கொண்டே பாசனத்தின் சிறப்பை அளக்க வேண்டும். அவ்வாறே, நிலைய முகப்பின் அழகைக் கொண்டன்று, வெண்கோல் ஏந்தியவரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் தம் இருக்கை வரை சென்று சேர்ந்தனரா என்பதைக் கொண்டே இரயில் நிலையத்தை மதிப்பிட வேண்டும்.

இடர்களுள் முதன்மையானது பெட்டியின் படி. இந்திய இரயில்வேயின் உயர்ந்த நடைமேடைகள் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. பெட்டியின் தளமோ ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே மிக உயர்ந்த நடைமேடையில் நின்று ஏறுவோரும் ஒன்றரை அடிக்குக் குறையாமல் மேலேற வேண்டும். தாழ்ந்த நடைமேடையாயின் இவ்வுயரம் மேலும் மிகும். இடையே காலோ கோலோ சிக்கக்கூடிய வெளியும் உண்டு. சிறு நிலையங்களில் வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடங்களே. இளமையும் நல்லுடலும் வாய்த்தவருக்கு இது ஒரு தாவல். எழுபதைக் கடந்த நம்மைப் போன்றோருக்கு இது ஒரு மலையேற்றம். சக்கர நாற்காலியில் உள்ளவருக்கோ இது மூடிய கதவு.

அவர்களைத் தூக்கி ஏற்றிவிடலாமே என்பர் சிலர். 2017-இல் விராலி மோதி என்னும் பெண், சக்கர நாற்காலியில் பயணம் செய்பவர், தம்மைத் தூக்கி ஏற்றிய சுமைதூக்குவோரால் தாம் அடைந்த அவமதிப்பை வெளிப்படையாக எழுதி, இரயில்வே அமைச்சகத்துக்கு முறையீடு செய்தார். பல்லாயிரவர் அதனை ஆதரித்தனர். அதன் பயனாக எர்ணாகுளம் உள்ளிட்ட சில நிலையங்களில், எடுத்துச் சென்று படியில் பொருத்தத்தக்க சாய்பலகையும், பெட்டியின் குறுகிய உள்வழியில் செல்லத்தக்க சிறு சக்கர நாற்காலியும் வைக்கப்பட்டன. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தூக்கிவிடுவதற்கு ஆட்கள் இருந்தனர்; உதவி கிடைக்கவே செய்தது. ஆனால் மூட்டையைத் தூக்குவது போல ஒருவரைத் தூக்கும்போது அவருடைய மானம் கீழே விழுந்துவிடுகிறது. ஒரு பலகை அந்த மானத்தைக் காத்தது. பலகைக்கு இரக்கம் இல்லை என்பது உண்மையே. அதனைச் செய்து வைத்தவர் நெஞ்சில் இருந்தது இரக்கத்தினும் உயர்ந்தது.

பார்வையற்றோருக்கான வழியும் இத்தகையதே. நடைமேடைகளிலும் நகரங்களின் நடைபாதைகளிலும் புடைப்புள்ள மஞ்சள் ஓடுகள் பதிக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அழகுக்காகப் பதித்தவை என எண்ணுவோரும் உளர். ஜப்பான் நாட்டைச் சேர்ந்த மியாக்கே செய்இச்சி என்பவர், பார்வை மங்கிவந்த நண்பர் ஒருவருக்காக இவற்றை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒகாயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகளாகப் புடைத்திருக்கும் ஓடு, ‘இவ்வழியே செல்க’ எனக் காலுக்கும் கோலுக்கும் உரைக்கிறது. வட்டப் புள்ளிகளாகப் புடைத்திருக்கும் ஓடு, ‘நிற்க, முன்னே விளிம்போ திருப்பமோ உள்ளது’ என எச்சரிக்கிறது. மஞ்சள் நிறம், சிறிதளவு பார்வை எஞ்சியுள்ளோருக்குத் துணையாகிறது. ஒருவர் தம் நண்பருக்காகச் செய்த சிறு பணி இன்று உலகெங்கும் பரவி, தாம் ஒருபோதும் காணாத எண்ணற்றோருக்கு வழிகாட்டி நிற்கிறது. அவர் நண்பரின் கையை மட்டும் பிடித்து நடத்திச் சென்றிருந்தால் அதுவும் நற்செயலே. ஆனால் அது அந்த ஒருவரோடு முடிந்திருக்கும்.

காட்சிக்கு உரியது கேள்விக்கும் உரியதாக இருத்தல் வேண்டும் என்பது அடுத்த நெறி. ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இது புதிதன்று. கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும் என்பது பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. கடைசி வரிசையில் பார்வை மங்கிய பிள்ளை இருக்கலாம். அப்பிள்ளை அதனை வெளியே சொல்லக் கூசலாம். வாய்விட்டுச் சொன்னால் அப்பிள்ளை பெயர் சுட்டப்படாமலே பாடத்தைப் பெறுகிறது; மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் நன்கு பதிகிறது. நிலையத்துக்கும் இதுவே பொருந்தும். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என ஒளிரும் பலகை காட்டுகிறது. அதே செய்தியை ஒலிபெருக்கி தெளிவாகச் சொல்லாவிடின் பார்வையற்றவருக்கு அப்பலகை இல்லாத பொருளே. ஒலிபெருக்கி மட்டும் பேசிப் பலகை இல்லாதிருப்பின் செவித்திறனற்றவருக்கு அதே நிலை. இரண்டும் இருப்பின் இருவருக்கும் பயன். தூக்கக் கலக்கத்தில் இறங்கும் நமக்கும் பயன்.

இவையெல்லாம் நம் நாட்டால் இயலாதவை அல்ல. சென்னை பெரம்பூரில் உள்ள நம் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் வண்டிகள் 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கின. அவற்றில் இருக்கை எண்கள் பிரெய்ல் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. சக்கர நாற்காலிக்கு இடமும் ஒதுக்கப்பட்டுள்ளது. சென்னை எழும்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே அத்தகைய வண்டி 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிறது. உயர்ந்த கட்டணம் செலுத்துவோரின் வண்டியில் இயன்றது, எளியோர் ஏறும் பொதுப் பெட்டியிலும் இயல வேண்டும் அல்லவா?

இனி, கட்டணச் சலுகையைப் பற்றியும் சிறிது எண்ணுவோம். பார்வையற்றோருக்கும், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடல் இயக்கக் குறையுடையோருக்கும், அவர்தம் துணையாளர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, தூங்கும் வசதி வகுப்பு, குளிர்வசதி மூன்றடுக்கு ஆகியவற்றில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான சலுகை நிறுத்தப்பட்டபோதும் இச்சலுகை தொடர்ந்தது. இதனைப் போற்றுவோம். இதற்குரிய அடையாள அட்டையை இரயில்வே வழங்குகிறது. தகுதியுடையோர் நம் குடும்பங்களில் இருப்பின் தயங்காது பெற வேண்டும். ஆயினும் சலுகை என்பது ஈதலைச் சேர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. கட்டணம் குறைந்தது, படியின் உயரம் குறையவில்லை. ஏற இயலாத வண்டிக்குப் பயணச்சீட்டு எத்துணை மலிவாக இருந்தாலும் என்ன பயன்? துணையாளருக்கும் சலுகை அளிப்பது நன்றே. துணையாளர் இன்றியே செல்ல விரும்புவோருக்கு அவ்விருப்பம் நிறைவேற வழி செய்வது அதனினும் நன்று.

சட்டத்தின் வரலாற்றிலும் இவ்விரு நோக்குகளின் போராட்டத்தைக் காணலாம். 1995-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம், இரயில் பெட்டிகளையும் கழிப்பறைகளையும் அவர்கள் பயன்படுத்துமாறு அமைக்க வேண்டும் எனக் கூறியது. ஆனால் நிறுவனங்களின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்னும் வரம்பையும் சேர்த்துக் கூறியது. தானம் செய்பவர் தம் வசதிக்கு உட்பட்டுச் செய்யலாம். எவரும் குறை கூறார். கடன்பட்டவர் அவ்வாறு கூற இயலாது. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பெயரிலேயே உரிமை என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டது. பார்வையற்றவரான இராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. அதே வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று, அணுகுவதற்கான விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாயமானவையாக இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்து, அத்தகைய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதக் காலம் வரையறுத்தது. வசதியிருந்தால் செய்வோம் என்னும் நிலையிலிருந்து செய்தே ஆக வேண்டும் என்னும் நிலைக்கு வர நாட்டுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கு எழும் மறுப்புரைகள் இரண்டு. ‘ஒரு சிலருக்காக இத்துணைப் பொருள் செலவிடுவது தகுமா?’ என்பது முதலாவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உடற்குறை, மனக்குறை உடையோர் 2.68 கோடி, அவர்களுள் பார்வைக் குறையுடையோர் 50 இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர். இது ஒரு சிலர் அல்லர். நிலையத்தில் அவர்களை மிகுதியாகக் காண்பதில்லையே என்பீராயின், வர இயலாதவாறு வழியை அமைத்துவிட்டு, வருவோர் இல்லை என்பதால் வழி தேவையில்லை என்பது முறையாகுமா? மேலும், பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அன்று தொட்டு எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கல்வி பெற்றுள்ளனர். கற்றவர் ஆசிரியராகவும் வங்கி ஊழியராகவும் வழக்கறிஞராகவும் நாள்தோறும் பயணம் செய்ய வேண்டியவர். கல்விச்சாலை கொடுத்ததை நடைமேடை பறித்துக்கொள்ளலாமா? சாய்தளமும் மின்தூக்கியும் கருவுற்ற பெண்களுக்கும், கைக்குழந்தையோடு வருவோருக்கும், மூட்டு வலியுடைய முதியோருக்கும் பயன்படுவதையும் எண்ணிப் பாருங்கள். முதுமையில் பார்வையும் நடையும் தளர்தல் எவர்க்கும் இயல்பு. இன்று பிறருக்காக நாம் அமைக்கும் வழியில் நாளை நாமே நடக்க நேரிடும்.

இரண்டாவது மறுப்புரை இதனினும் நுட்பமானது. ‘எல்லாவற்றையும் கல்லும் கருவியும் செய்துவிட்டால் மனிதர் நெஞ்சில் ஈரம் வற்றிவிடாதா? உதவி கேட்பதும் உதவுவதும் அன்றோ மனிதரைப் பிணைக்கின்றன?’ என்பர். இவ்வினாவில் உண்மை உண்டு, எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் உதவி பெறுபவரின் பக்கம் நின்றும் காண வேண்டும். நாம் ஒரு நாளில் ஒருவருக்கு ஒருமுறை உதவுகிறோம், மனம் குளிர்கிறது. அவரோ அந்நாளில் இருபது முறை கேட்க வேண்டும். இருபது முறை நன்றி கூற வேண்டும். கேட்டும் கிடைக்காத வேளையில் வண்டியைத் தவறவிட வேண்டும். அவருடைய பயணம் அயலாரின் ஓய்வையும் மனநிலையையும் பொறுத்ததாகிறது. நம் ஈரத்தைக் காப்பதற்காக ஒருவர் வாழ்நாள் முழுதும் இடர்ப்பட வேண்டும் என்பது அன்பாகாது. வழி செம்மையாக அமைந்தால் உறவு அறுந்துவிடாது. மாறாக, அருகில் அமர்ந்து பேசும் இருவர் உதவுபவரும் உதவப்படுபவருமாக இல்லாமல், இரு பயணிகளாகவே பேசிக்கொள்ளலாம். அந்த உறவு உயர்ந்ததன்றோ?

நம் நெறியில் தானம் நான்கு வகை என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். உணவு, மருந்து, கல்வி ஆகிய மூன்றையும் நாம் பெரும்பாலும் நினைவில் கொள்கிறோம். நான்காவதாகிய அபயதானத்தை உயிர்க்கொலையைத் தடுத்தல் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். அச்சத்தை நீக்குதல் என்பதே அதன் பொருள். நடைமேடையின் விளிம்பு எங்கே முடிகிறது என அறியாது ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பவரின் அச்சம் சிறியதன்று. விளிம்பை உணர்த்தும் ஒரு வரிசை ஓடு அவ்வச்சத்தை நீக்குகிறது. அதுவும் அபயதானமே.

வழியமைத்தல் அரசின் பொறுப்பு என்றால் நமக்குப் பொறுப்பில்லை எனக் கொள்ளுதல் வேண்டா. அமைத்த வழியைக் கெடுப்பதும் காப்பதும் நம் கையில் உள்ளன. பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் பிற உயிர்க்குத் தீங்கு நேராதவாறு கவனமாயிருத்தல் முனிவரின் ஐவகைச் சமிதிகளுள் ஒன்று. இல்லறத்தார் அதனை இரயில் நிலையத்தில் கடைப்பிடிக்கலாம். மஞ்சள் ஓடுகளின் மேல் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் வைத்தலும், அதன் மேல் அமர்ந்து உணவருந்துதலும், சாய்தளத்தின் அடியில் வண்டியை நிறுத்துதலும் தீய எண்ணத்தால் செய்யப்படுவன அல்ல, கவனமின்மையால் செய்யப்படுவன. கவனமின்மையால் விளையும் தீங்கும் தீங்கே என்பது நம் ஆசான்கள் வற்புறுத்திய பாடம். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட பெட்டியில், கூட்டம் மிகுதி என்று காரணம் கூறி ஏறி அமர்வதும் அத்தகையதே. இது 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும்.

கைகொடுக்க நேரும்போது அதற்கும் ஒரு முறை உண்டு. பார்வையற்றவரின் கையைச் சட்டெனப் பற்றி இழுத்தல் கூடாது, ‘உதவி வேண்டுமா?’ என முதலில் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளுமாறு நீட்டி, அரையடி முன்னே நாம் நடக்க வேண்டும். படி வருவதையும், அது ஏறுபடியா இறங்குபடியா என்பதையும் சொல்ல வேண்டும். ‘அங்கே’, ‘இங்கே’ என்னாது ‘வலப்புறம் நான்கு அடி’ என்பது போலக் கூற வேண்டும். விட்டு நீங்கும்போது, நீங்குகிறோம் எனச் சொல்லிவிட்டு நீங்க வேண்டும். சக்கர நாற்காலியை உரியவரின் இசைவின்றித் தொடுதல் ஆகாது. துணைக்கு வந்தவரிடம் பேசாது, பயணியிடமே பேசுதல் வேண்டும். வேண்டா என்று அவர் மறுத்தால் வருந்தாது விலகுதலும் உதவியே.

நம் சங்கங்களுக்கும் இதில் பணி உண்டு. யாத்திரை செல்லும் குழுவினர் தாம் ஏறும் நிலையத்தையும் இறங்கும் நிலையத்தையும் ஐந்து கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். வாயிலிலிருந்து நடைமேடை வரை படியில்லாத வழி உண்டா? மஞ்சள் ஓடுகள் இடையறாது செல்கின்றனவா? பெட்டி நிற்குமிடம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகிறதா? சாய்பலகையும் சக்கர நாற்காலியும் கேட்டவுடன் கிடைக்கின்றனவா? மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டப்படாமல் உள்ளதா? விடைகளை எழுதி நிலைய மேலாளருக்கும் கோட்ட மேலாளருக்கும் அனுப்பலாம். பயண வேளையில் இடர் நேர்ந்தால் 139 என்னும் எண்ணில் முறையிடலாம். குறை கூறும் மடலோடு, நன்கு அமைந்தவற்றைப் பாராட்டும் மடலும் செல்லட்டும். நம் ஆலயங்களின் படிகளையும் தருமசாலைகளின் வாயில்களையும் இதே கேள்விகளால் சோதித்தல் நன்று. அரசிடம் கேட்பதை நாமும் செய்து காட்டுதல் முறையன்றோ?

ஈதலின் சிறப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. வழி அமையும் வரை கைகொடுத்தே ஆக வேண்டும்; வழி அமைந்த பின்னும் சில வேளைகளில் கை தேவைப்படும். ஆனால் கைகொடுத்ததோடு நம் அறம் நிறைவுற்றது என எண்ணி அமைதல் கூடாது. சிதறால் மலைக்கு வரும் பார்வையற்ற ஓர் இளைஞர் போளூரில் தாமே ஏறி, குழித்துறையில் தாமே இறங்கி, தாம் விரும்பியவரோடு விரும்பியபோது பேசி, எவருக்கும் கடன்படாது மலையடிவாரம் வந்து சேரும் நாள் வருமாயின், நாம் புதிதாக எந்தத் தானமும் செய்ததாக ஏடுகளில் பதிவாகாது. அவருக்கு உரியதை அவர் பெற்றார் என்பது மட்டுமே நிகழ்ந்திருக்கும். அந்நாளை விரைவில் காண நம்மால் இயன்றதைச் செய்வோமாக.